இரண்டு நிறுத்தம் முன்னால்

எடைக் கருவியில் ஏறுவதற்கு முன் அவள் கைப்பையைக் கணவரிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையையும் கழற்றி அவர் சட்டைப் பையில் திணித்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தால் எடை குறையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டுத் தொண்ணூற்று இரண்டில் நின்றன. செவிலி அதை நாலு பேர் காதில் விழும்படி படித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

டாக்டர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். அவளுடைய ரத்தம் தம்பியின் ரத்தத்தோடு பொருந்தியிருந்தது, திசுவும் பொருந்தியிருந்தது. "ஒரே வயித்துல பொறந்ததுக்கு இதுதான் லாபம்" என்று சிரித்தவர், பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஆனா இந்த எடையில உங்க கிட்னியை எடுக்க மாட்டேன். சர்க்கரையும் ஓரத்துல நிக்குது. ஆறு மாசம் தரேன். எண்பதுக்குக் கீழ வாங்க. ஒருத்தரைக் காப்பாத்தப் போய் ரெண்டு பேரையும் படுக்க வைக்க முடியாதும்மா."

பேருந்து நிலையத்தில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் அவள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'டிக்கெட் அக்கா'. நாற்காலி மூன்று முறை மாறியது, கணினி நாலு முறை மாறியது, அவள் மட்டும் மாறாமல் வருடத்துக்கு ஒரு சுற்று பெருத்தாள். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. சொந்தக்காரர்கள் கேலி செய்தால், "வயித்தெரிச்சல் பட்டா உங்களுக்கும் ஒட்டாது" என்று வாயடைத்துவிடுவாள். இப்போதுதான் முதல்முறையாக அவளுடைய உடம்பு இன்னொருவர் விஷயமாகியிருந்தது. தம்பிக்கு நாற்பத்தைந்து வயது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற கடை வைத்திருந்தான். இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி கிடந்தான். அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை. மீதி இருந்தது அக்காதான்.

"உன் கிட்னி எனக்குள்ள வந்தா நானும் உன்ன மாதிரி எல்லாரையும் அதட்ட ஆரம்பிச்சிடுவேன்க்கா, யோசிச்சுக்கோ" என்றான் அவன், விஷயத்தைக் கேட்டதும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உடம்பை வருத்திக்காத. ஆகலன்னா ஆகல" என்றான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதால்தான் அவள் முடிவெடுத்தாள்.

முடிவெடுத்தவள் சும்மா இருப்பாளா. மறுநாளே பட்டினி தொடங்கிவிட்டது. காலையில் சர்க்கரை இல்லாத தேநீர், மதியம் ஒரு பழம், மாலையில் கொஞ்சம் மோர், அவ்வளவுதான். கணவர் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். நெருப்போடு பழகியவர், வீட்டில் வாய் திறக்க யோசிப்பார். அவரே நாலாம் நாள், "ஏம்மா, சாமியாரா போகப் போறியா?" என்று கேட்டார். ஒன்பதாம் நாள் முற்பகலில், ஜன்னலுக்கு வெளியே நின்றவர் எந்த ஊருக்கு டிக்கெட் கேட்டார் என்பது காதில் விழுந்தது, ஆனால் விசைப்பலகையில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. கண் விழித்தபோது பக்கத்து இருக்கைக்காரி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற ஒருவர், "அக்காவுக்குக் காத்து விடுங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள், டாக்டர் போய்ப் பார்க்கச் சொன்ன டயட்டீஷியன், உணவு முறை சொல்லித் தருகிறவள். முப்பது வயதுகூட இருக்காது. ஒட்டி உலர்ந்த ஒருத்தியை எதிர்பார்த்துப் போனவளுக்கு, அந்தப் பெண்ணே கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது ஆறுதலாக இருந்தது. பசி என்றால் என்னவென்று தெரிந்தவள்.

"ஒன்பது நாள்ல எவ்ளோ குறைஞ்சீங்க?"

"மூணு கிலோ" என்றாள், கொஞ்சம் பெருமையோடுதான்.

"அதுல முக்கால்வாசி தண்ணி. சொல்லிக்காமப் போன விருந்தாளி மாதிரி திரும்பி வந்துடும். முதமுதல்ல ஆரம்பிக்கறவங்க எல்லாரும் இதையேதான் செய்யறாங்க, ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திடறாங்க. அகலக்கால் வெச்சா எத்தனை நாள் நிக்க முடியும்? இந்த வாரம் நீங்க எதையுமே மாத்த வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிடுங்க. ஆனா ஒரு நோட்டுல எழுதுங்க. என்ன சாப்பிட்டீங்க, உக்காந்தா நின்னுக்கிட்டா, பக்கத்துல யாரு இருந்தாங்க, உண்மையிலேயே பசிச்சுதா. வெயிட் மெஷின் பக்கம் தினம் தினம் போகாதீங்க. வாரம் ஒரு தடவை போதும்."

இதற்கா ஒரு படிப்பு என்று நினைத்தபடிதான் அவள் நோட்டு வாங்கினாள். ஆனால் எழுத எழுத ஒரு கூச்சம் வந்தது. தான் சாப்பிடுவதைத் தானே திரும்பிப் பார்ப்பது, கண்ணாடியில் முதுகைப் பார்ப்பது போல இருந்தது. அடுத்த வாரம் டயட்டீஷியன் அந்த நோட்டைத் தேர்வுத் தாள் திருத்துகிறவள் மாதிரி பென்சிலோடு படித்தாள். சில இடங்களில் கோடு போட்டாள். படித்து முடித்துத் திருப்பி வைத்தபோது, கோடு போட்ட சொல் எல்லா நாளிலும் ஒன்றாகவே இருந்தது. மிச்சம். அவர் தட்டில் மிச்சம், நின்றுகொண்டு. குழம்புச் சட்டியில் மிச்சம், நின்றுகொண்டு. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரியின் டப்பாவில் மிச்சம். பசித்ததா என்ற இடத்தில் எல்லாம், இல்லை.

"வேளாவேளைக்கு நீங்க உக்காந்து சாப்பிடறது ரொம்ப அதிகமில்ல. அதுக்கப்புறம் நின்னுக்கிட்டு இன்னொரு ஆள் சாப்பாடு சாப்பிடறீங்க" என்றாள் அந்தப் பெண். "மிச்சமெல்லாம் உங்க வயித்துக்குத்தான்னு யாரு சொன்னா?"

அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனால் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் யார் சொன்னார்கள் என்பது தெரிந்துவிட்டது.

அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு நூல் மில்லில் இரண்டாவது ஷிப்ட். மதியம் போனால் ராத்திரிதான் வருவாள். போகும்போது இரண்டு தட்டில் சோற்றைப் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். பள்ளி விட்டு வந்ததும் அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு எட்டு. அவன் பாதி சாப்பிடுவான், பிறகு வயிற்றைத் தட்டிக்காட்டி "போதும்க்கா" என்று எழுந்து விளையாட ஓடிவிடுவான். அம்மாவுக்கு உலகத்தில் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது வீணாகிற சோறுதான். எட்டு மணி நேரம் நின்ற காலோடு வந்து, தட்டில் ஒரு பருக்கை கிடந்தாலும் கரண்டியைத் தேடுவாள். தம்பி அடி வாங்கக் கூடாதே என்று இவள்தான் அவன் தட்டை எடுத்து, கதவுப்பக்கம் ஒரு கண்ணை வைத்தபடி, நின்றுகொண்டே அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஒரு நாளா இரண்டு நாளா, ஆறேழு வருடம். அம்மா போய்ப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. கரண்டியோடு யாரும் வரப்போவதில்லை. கைக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

அடுத்து அந்தப் பெண் சொன்னது நடை. "ஜிம்முக்கெல்லாம் போக வேண்டாம். வேலைக்குப் போறப்ப ரெண்டு ஸ்டாப்பிங் முன்னாடி இறங்கிடுங்க. அது போதும், இப்போதைக்கு." நிலையத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இருந்தது அதே நூல் மில்லின் வாசல். இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஜன்னல் வழியாக அவள் அதைப் பார்க்காமலே பார்த்துக்கொண்டு போன இடம். முதல் நாள் இறங்கி நின்றபோது கால் எந்தப் பக்கம் போவதென்று கேட்கவே இல்லை. மில் மூடி வருடங்கள் ஆகியிருந்தன. சங்கு ஊதிய கோபுரத்தில் செல்பேசி நிறுவனத்தின் கம்பிகள் நின்றன. தொழிலாளர் குடியிருப்பில் நாற்பது வீடுகள் ஒரே வரிசையாக, ஒரே பச்சைக் கதவோடு இருந்தது போய், இப்போது ஒரு வீடு மாடி கட்டியிருந்தது, ஒன்று தையல் கடையாகியிருந்தது, ஒன்றில் இருசக்கர வாகனம் பழுது பார்த்தார்கள். பொதுக் குழாய் இருந்த இடத்தில் சிமெண்ட் பூசி மூடியிருந்தார்கள். ஆனால் குடத்தை வைத்து வைத்துத் தேய்ந்த கல் அப்படியே கிடந்தது. அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஏழாம் வாய்ப்பாட்டில் அவன் எப்போதும் ஐம்பத்தாறில் தடுக்கி விழுவான்.

தினமும் அந்த வழியாக நடந்தாள். முதல் வாரம் மூச்சு வாங்கியது, முழங்கால் முனகியது. மில் சுவரோரம் சிமெண்ட் பெஞ்ச் ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்து எழுந்துதான் மீதி தூரம் போவாள். பிறகு பெஞ்சைத் தாண்டிப் போய்விட்டு, அட, உட்கார மறந்துவிட்டோமே என்று நினைத்த நாள் வந்தது. தையல் கடைக்காரி கையசைக்க ஆரம்பித்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவரே சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தார், அவள் கைக்கு எட்டுமுன். "இவ்ளோ நாளா தட்டையும் சட்டியையும் காலி பண்ணி நீ எனக்கு உதவி பண்றேன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றார் ஒருநாள், சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டே.

தண்ணீர் விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய டம்ளர், நாளெல்லாம் தாகம் எடுக்கும்போதெல்லாம், என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருந்தாள். தம்பிக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அளவு. அவன் மனைவி ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தாள். உதட்டை நனைத்து நனைத்து மாலை வரை ஓட்டுவான். டயாலிசிஸ் நாளில் அவனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் பையில் இருக்கும் தண்ணீரைத் தொடவே மாட்டாள். ஒருநாள் அவனே பார்த்துவிட்டான். "குடிக்கா. நீ குடிக்கறதைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் குடிச்ச மாதிரி இருக்கும்" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு குடித்தாள். அவனோ இயந்திரத்தைக் காட்டி, "இங்க பாரு, நாலு மணி நேரத்துல நான் ரெண்டரை கிலோ குறைஞ்சிடறேன். நீ ஒரு மாசமா நடந்து நடந்து ஒண்ணரை கிலோ. யாரு கெட்டிக்காரன்?" என்றான். பக்கத்துப் படுக்கைக்காரர் ஊசி குத்திய கையை அசைக்காமல் வாயால் மட்டும் சிரித்தார்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மூன்றாவது மாதம் எண்பத்தைந்து வரை நகர்ந்த அம்மி அப்புறம் அசைய மறுத்துவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். நடையைக் கூட்டினாள், சோற்றைக் குறைத்தாள், எண்கள் கல்லாக நின்றன. அந்த நேரம் பார்த்துத் தம்பி, நுரையீரலில் நீர் சேர்ந்து, மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் மனைவி நின்றாள். "அண்ணி, இன்னும் எவ்ளோ இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டது நாட்களையா, எடையையா என்று தெரியவில்லை. "அஞ்சு கிலோ" என்றாள் இவள். அடுத்த நாள் அலுவலகத்தில் ஒருவரின் பணி ஓய்வுக் கூட்டம். மேசையில் மிஞ்சிக் கிடந்த கேக்கின் முன் போய் நின்றவள், யாரும் இல்லாத அறையில், நின்றுகொண்டே, கடைசித் துண்டு வரை தின்று தீர்த்தாள். இனிப்புகூடத் தெரியவில்லை. அட்டைப் பெட்டியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்தாள்.

நோட்டில் அதையும் எழுதிக்கொண்டு போனாள். திட்டு வாங்கவே போனாள் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் படித்துவிட்டுப் பென்சிலை எடுக்கவில்லை. "ஒரு பஸ்ஸை விட்டுட்டீங்க. அவ்ளோதான். அதுக்காக பஸ் ஸ்டாண்டையே இழுத்து மூடிடுவீங்களா?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நானும் நூத்தி நாலுல இருந்தவதான்க்கா. இப்படி நின்னு போற இடம் எல்லாருக்கும் வரும். பயத்துல தூங்காம இருக்கீங்க இல்ல? முதல்ல தூங்குங்க" என்றாள். அன்றுதான் அவள் முதல்முறையாக அக்கா என்று கூப்பிட்டாள்.

தேறி வீட்டுக்கு வந்த இரண்டாவது ஞாயிறு, தம்பி தானும் நடக்க வருவதாகச் சொன்னான். முந்தின நாள்தான் டயாலிசிஸ் ஆகியிருந்தது. முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. காலை வெயில் ஏறுவதற்குள் மில் வாசலில் இறங்கினார்கள். அவனுக்காக அவள் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. எல்லாக் காலத்திலும் அவன்தான் முன்னால் ஓடி, திரும்பி நின்று, "வாயேன்க்கா, ஆமை" என்று கத்துவான். அவர்கள் வளர்ந்த பன்னிரண்டாம் எண் வீட்டு வாசலில் யாரோ ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் கொஞ்சம் தள்ளி நின்று, வழி தேடுகிறவர்கள் மாதிரி பார்த்தார்கள். கதவு இப்போது நீலம். பிறகு சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். நோட்டு, பென்சில் கோடு, மிச்சம், எல்லாவற்றையும் அவள் கேலியாகவே சொன்னாள். "என் உடம்புல பாதி உன் மிச்சம்தான்டா. அம்மாகிட்ட உன்னைக் காப்பாத்தறேன்னு தின்னு தின்னு இப்படி ஆயிட்டேன்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் செருப்பு நுனியால் தரையில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான்.

"மிச்சமா அது?"

"பின்ன?"

"அம்மா எனக்கு மலை மாதிரி போட்டு வெச்சிட்டுப் போவாங்க. ஆம்பளப் புள்ளையாம். உன் தட்டுல அடி தெரியும். நீ நாலு வாயில முடிச்சிட்டு, என் தட்டைப் பார்க்கக் கூடாதுன்னு ஜன்னலையே பார்த்துட்டு உக்காந்திருப்ப." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "ஒருநாள் 'நீ சாப்பிடுக்கா'ன்னு தள்ளினேன். தொடமாட்டேன்னுட்ட. போதும்னு சொல்லி எழுந்து ஓடினா மட்டும் சாப்பிட்ட. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். "எட்டு வயசுல இவ்ளோ யோசிச்சியா நீ?"

"யோசிக்கல. பண்ணேன், அவ்ளோதான்."

இவன் சின்ன வயதிலிருந்தே நல்ல பொய்க்காரன். உடைத்த கண்ணாடிக்குப் பூனையைச் சொல்வான், தொலைத்த பென்சிலுக்குக் காக்கையைச் சொல்வான். சிறுநீரகம் கொடுக்கப் போகிற அக்காவின் மனதில் பாரம் இருக்கக் கூடாதென்று இன்றைக்கு இதையும் கட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஜன்னல். தன் தட்டு காலியான பிறகு, எதிர்வீட்டுச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கே இப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணில் நிறைந்ததைத் துடைத்தால் அவன் பார்த்துவிடுவான் என்று துடைக்காமல் இருந்தாள். குடியிருப்புக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனாள்.

"பசிக்கலையாடா உனக்கு அப்போ?" என்று கேட்டாள்.

"பசிக்காம இருக்குமா" என்றான் அவன். "எந்திரி, வெயில் வந்துடுச்சு."

ஐந்தரை மாதம் முடிந்த ஒரு வியாழக்கிழமை, எண்கள் தடுமாறி எழுபத்தொன்பது புள்ளி ஆறில் நின்றன. செவிலி இந்த முறையும் சத்தமாகவே படித்தாள். டாக்டர் சர்க்கரை அறிக்கையை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தேதி குறித்தார். கீழ்த்தளத்துக்குப் போய்ச் சொன்னபோது டயட்டீஷியன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதோட முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்கக்கா. ஒத்தக் கிட்னியோட நீங்க இன்னும் முப்பது வருஷம் நடக்கணும்" என்றாள். வாழ்த்து மாதிரியும் இருந்தது, உத்தரவு மாதிரியும் இருந்தது.

அறுவை சிகிச்சை நாள் காலை ஆறு மணிக்கே அவளைத் தயார் செய்துவிட்டார்கள். பச்சை அங்கி, தலைக்கு ஒரு தொப்பி, கையில் பெயர் எழுதிய பட்டை. முதலில் அவள், ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி. அவன் அடுத்த அறையில் இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருப்பது கேட்டது. சிரிப்பு அடங்கியதும் ஒரு இருமல் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கணவர் கட்டில் ஓரத்தில், தீப்பொறி தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்த கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செவிலி பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பல் செட் உண்டா, கண்ணாடி உண்டா, நகை உண்டா. பிறகு அவள் விரலைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த வருடம் அம்மா போட்டுவிட்ட மெல்லிய மோதிரம். பிள்ளை பெற்ற போதுகூடக் கழலாமல், சதைக்குள் புதைந்து, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. "கழட்டணுமேம்மா. சோப்புத் தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் செவிலி கிண்ணம் எடுக்கப் போனாள்.

அவள் சும்மா இழுத்துப் பார்த்தாள். மோதிரம் மூட்டில் ஒரு கணம் தயங்கி, வழுக்கி, உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதைக் கணவரிடம் நீட்டினாள். அவர் தன் சுண்டு விரலில் போட்டுக்கொண்டு, பாதியில் நிற்கிற அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் தன் விரலைப் பார்த்தாள். மோதிரம் இருந்த இடத்தில் மட்டும் வெயிலே படாத ஒரு வளையம், வெளுத்து, மெல்லியதாய், பன்னிரண்டு வயதுக்காரியின் தோல்போல இருந்தது. வெளியே தள்ளுவண்டியின் சக்கரங்கள் வந்து நின்றன. அவள் அந்த இடத்தைக் கட்டை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள்.